ஊசிக்குழலில் வந்த பூஞ்சணம்

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கொழும்பில் சிசேரியன் செய்து பிள்ளை பெற்ற ஐந்து தாய்மாருக்கு ஒருவர் பின் ஒருவராக மூளைக்காய்ச்சல் வந்தது. ஐவரும் அதற்கு முன் நல்ல சுகத்தோடு இருந்தவர்கள். ஐவருக்கும் சத்திரசிகிச்சைக்காக முதுகில் விறைப்பூசி போடப்பட்டிருந்தது. மூவர் மௌத்தானார்கள், இருவர் பிழைத்தார்கள். நோயை உண்டாக்கியது வைரஸும் இல்லை, பக்டீரியாவும் இல்லை. பழைய பாணிலும் நனைந்த வைக்கோலிலும் நாம் காணும் பூஞ்சண இனத்தைச் சேர்ந்த ஒன்று: அஸ்பெர்ஜிலஸ் ஃபுமிகேட்டஸ்.

இந்தச் சம்பவத்தை பத்மா குணரத்ன, சந்திரிகா விஜேரத்ன, ஹர்ஷலால் செனவிரத்ன ஆகிய மூன்று இலங்கை வைத்தியர்கள் 2007 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ இங்கிலண்ட் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். 'இது சுனாமியின் பின்விளைவா?' என்பது அதன் கருத்து. எனக்கு அந்தக் கேள்விக்குறி பிடிக்கும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்வதும் ஒரு அமானிதம்தான்.

சுனாமிக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் என்ன தொடுசல்? 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு உலகெங்கும் இருந்து உதவிப் பொருட்கள் வந்து குவிந்தன. மருந்து, சேலைன், பஞ்சு, ஊசிக்குழல். நாட்டின் களஞ்சியங்களுக்கு அவ்வளவையும் தாங்க இடமில்லை. ஊசிக்குழல்கள் சூடும் ஈரலிப்பும் நிறைந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. திறக்கப்படாத ஊசிக்குழல்களைச் சோதித்தபோது அதே பூஞ்சணம் வளர்ந்தது. நன்மை நாடி வந்த பொருள், இடமில்லாத இடத்தில் கிடந்ததால், கடலைக் கண்ணாலும் காணாத கொழும்புத் தாய்மாரின் முதுகுக்குள் போயிருக்கலாம் என்பதே அந்த வைத்தியர்களின் சந்தேகம்.

இனி இந்தப் பூஞ்சணத்தைப் பற்றி.

அஸ்பெர்ஜிலஸ் என்ற பெயரை 1729இல் வைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த பியெர் அன்டோனியோ மிக்கேலி. அவர் கத்தோலிக்கப் பாதிரியாரும் தாவரவியலாளரும் ஆவார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கோயிலில் புனித நீர் தெளிக்கும் கருவியின் தலையைப் போல் இருந்ததாம், அதன் பெயரையே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் இருந்தால் பன்னீர்ச் செம்பின் பெயரை வைத்திருப்போமோ என்னவோ. இதன் வித்திகள் மிகச் சிறியவை, ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 400 வித்திகளை வரிசையாக வைக்கலாம். உக்கும் இலைகுழையில், எருக்கும்பியில், வைக்கோல் போரில், நனைந்த மட்டையில் எல்லாம் வளரும். மற்றப் பூஞ்சணங்கள் தாங்காத சூட்டையும் இது தாங்கும். மனித உடம்பின் சூடு இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நீங்களும் நானும் ஒவ்வொரு நாளும் இதன் வித்திகளை நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. மூக்கின் சளி பிடிக்கிறது, நுரையீரலில் காவல் நிற்கும் கலங்கள் விழுங்கிவிடுகின்றன. ரப்புல் ஆலமீன் படைத்த ஏற்பாடு அப்படி. எதிர்ப்புச்சக்தி மிகவும் குறைந்தவர்களில், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், நீண்டகாலம் ஸ்டிரொயிட் எடுத்தவர்களில்தான் இது நுரையீரலைத் துளைத்துக்கொண்டு இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். ஆகவே சுகதேகியான ஒரு இளம் தாயின் மூளையில் இதை எந்த வைத்தியரும் எதிர்பார்க்கமாட்டார்.

ஆனால் முதுகில் போடும் விறைப்பூசி அந்தக் காவல் அத்தனையையும் தாண்டிவிடுகிறது. மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் எந்த நேரத்திலும் 150 மில்லிலீட்டர் அளவுதான், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. விறைப்பு மருந்து அந்த நீருக்குள்தான் செலுத்தப்படுகிறது. அதோடு சேர்ந்து நாலு வித்தி போனாலும் அவற்றைத் தடுக்க அங்கே சளியும் இல்லை, காவற்கலங்களும் மிகக் குறைவு. வித்தி முளைத்து நூல் விட்டு மூளையின் அடிப்பாகத்தில் தங்கும். அங்கே ஓடும் பெரிய நாடியின் சுவரைத் தின்னும். சுவர் மெலிந்து வெடித்தால் மூளைக்குள் இரத்தம் கசியும், அடைபட்டால் பாரிசவாதம். இளம் பெண்ணுக்குப் பாரிசவாதமா என்று எல்லாரும் திகைத்து நிற்பார்கள்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதை விளங்கிக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் முள்ளந்தண்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள். பூஞ்சணத்தால் வந்த நோயிலும் அந்த நீரில் வெண்கலங்கள் கூடி, சீனி குறைந்து, பக்டீரியா நோய் மாதிரியேதான் இருக்கும். அதனால் அன்டிபயோட்டிக் தொடங்குவார்கள். கல்ச்சரில் ஒன்றும் வளராது. நாள் போகும். 'காசநோயாக இருக்குமோ' என்று அதற்குரிய மருந்தும் சேரும், அதோடு வீக்கத்தைக் குறைக்க ஸ்டிரொயிட்டும் சேரும். ஸ்டிரொயிட் பூஞ்சணத்துக்கு விருந்து. வைத்தியர் புத்தகப்படிதான் நடக்கிறார், நோய்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பூஞ்சணத்தைத் தேடு என்று ஆய்வுகூடத்துக்குத் தனியாகச் சொன்னால்தான் அவர்கள் தேடுவார்கள், கூடுதல் நீர் எடுப்பார்கள், கல்ச்சரைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள். கலக்டோமனான் என்று ஒரு பரிசோதனையும் உண்டு. அது இந்தப் பூஞ்சணத்தின் சுவரிலிருந்து கசியும் ஒரு மாப்பொருளைப் பிடிக்கும்.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. பழையது அம்போடெரிசின் பி. 1950களில் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, நன்றாகக் கொல்லும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். புதியது வொரிகொனசோல். இரண்டையும் ஒப்பிட்ட 277 நோயாளரின் ஆய்வு 2002இல் வந்தது. பன்னிரண்டு கிழமை முடிவில் வொரிகொனசோல் எடுத்தவர்களில் 70.8 வீதமும், அம்போடெரிசின் எடுத்தவர்களில் 57.9 வீதமும் உயிரோடு இருந்தார்கள். அது பெரும்பாலும் நுரையீரல் நோயாளரில் செய்த ஆய்வுதான். ஆனாலும் வொரிகொனசோல் மூளைக்குள் நன்றாக ஊறும் என்பதால் மூளை நோய்க்கும் அதுவே முதல் மருந்தாயிற்று. கொழும்பில் 2005இல் இந்த நோய் வந்தபோது அந்த மருந்து உலகச் சந்தைக்கு வந்து மூன்று வருஷம்தான்.

இதை வாசித்துவிட்டு 'அப்ப முதுகில ஊசி போட வேண்டாம்' என்று யாரும் முடிவெடுக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே அந்த ஊசியின் மேல் பழி நிறைய. இடுப்பு வலியா, முதுகு உளைவா, 'அந்த ஊசிதான் டொக்டர்' என்பார்கள். முழு மயக்கத்தைவிடச் சிசேரியனுக்கு முதுகு விறைப்பு பாதுகாப்பானது, உலகம் முழுதும் தினமும் ஆயிரக்கணக்கான தாய்மாருக்குப் போடுகிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு வித்தியாசம்தான். விறைப்பூசிக்குப் பிறகு சிலருக்குத் தலையிடி வரும். எழுந்து இருந்தால் இடிக்கும், படுத்தால் குறையும், இரண்டு மூன்று நாளுக்குள் தொடங்கி ஒரு கிழமை பத்து நாளில் தானாக அடங்கும். அது ஊசி குத்திய துவாரத்தால் நீர் கசிவதால் வருவது. பூஞ்சணத்தின் தலையிடி அப்படியில்லை. வீட்டுக்குப் போய் நாற்பது கழிக்க உட்கார்ந்த பிறகு, ஒரு கிழமை இரண்டு கிழமை கழித்து, மெல்ல மெல்ல ஏறும். படுத்தாலும் விடாது. காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கழுத்து இறுகும், சத்தி வரும், பிள்ளையைத் தூக்கப் பிரியமில்லாமல் கிடப்பாள். வீட்டில் பெரிய மனுசிகள் 'குளிர் பிடிச்சிருக்கு' என்று கசாயம் அவிப்பார்கள், சிலர் ஓதிப் பார்ப்பார்கள். ஓதட்டும், ஓதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகட்டும்.

களஞ்சிய விஷயத்தை நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். மருந்தாளராகத்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. 2009இல் எங்கள் செட்டிகுளம் எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெனிக் பாமில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம். கூடாரத்துக்குள் கூடாரம். பெட்டி பெட்டியாக மருந்து வந்தது, பாதியின் லேபிளை வாசிக்க அந்தந்த நாட்டு ஆள் வேண்டும். வைக்க இடமில்லாமல் மேலே தறப்பாள் இழுத்து நிலத்தில் அடுக்கிய இடங்களை நான் கண்டிருக்கிறேன். அங்கே உதவிக்கு வந்த ஒரு பொடியன், நனைந்த பெட்டிகளை நான் ஒதுக்கச் சொன்னபோது கோபித்துக்கொண்டான்.

"நானா, சனம் ஊசி இல்லாம நிக்குது. உறை கூட உடைக்கல்ல, புதுச் சாமான். திகதியும் இருக்கு. எரிக்கப் போறீங்களா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பதில் உறையில்தான் இருக்கிறது. ஊசிக்குழலின் உறையில் ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் ஒருவகைக் கடதாசி. தொழிற்சாலையில் கிருமி நீக்கும் வாயு உள்ளே போய் வெளியே வருவதற்காகத்தான் கடதாசி வைத்திருக்கிறார்கள். காய்ந்த கடதாசி வாயுவை விடும், வித்தியை விடாது. நனைந்த கடதாசி இரண்டையும் விடும். காய்ந்த பிறகு ஒரு மங்கல் கறையைத் தவிர ஒன்றும் தெரியாது. திகதி என்பது காய்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் என்ற நிபந்தனையோடு போட்ட திகதி. மட்டைப்பெட்டியோ பூஞ்சணத்துக்குப் பிடித்த சாப்பாடு. நிலத்திலிருந்து பலகை போட்டு உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, காற்றோட்டம் விட்டு அடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஐப்பசி கார்த்திகையில் வன்னி மழை அடிக்கும்போது இந்த ஒரு சாண் பெரிய விஷயம்.

உதவி அனுப்புகிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸதகா கொடுக்கும் ஆர்வத்தில் எங்கள் சங்கங்களும் பள்ளிகளும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மருந்து சேர்க்கிறார்கள். காசாகக் கொடுங்கள், அல்லது என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வைக்க இடமில்லாத மருந்து உதவி இல்லை.

பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2012இல் அமெரிக்காவில் இதைவிடப் பெரிதாக நடந்தது. மசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்ஹாம் நகரில் ஒரு மருந்து கலக்கும் நிறுவனம், முதுகுவலிக்குப் போடும் ஸ்டிரொயிட் ஊசிமருந்தைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. அதன் மூன்று தொகுதிகளில் பூஞ்சணம் கலந்திருந்தது. 753 பேருக்கு நோய் வந்ததாகவும் 64 பேர் இறந்ததாகவும் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கணக்கிட்டது. நிறுவனத்தின் தலைவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அதைப் பிடித்த விதம்தான் எனக்கு முக்கியம். டெனசி மாநிலத்தின் நேஷ்வில் நகரில் ஒரு நோயாளியின் மூளைக்காய்ச்சல் அன்டிபயோட்டிக்குக்கு அடங்கவில்லை. அவருடைய முள்ளந்தண்டு நீரில் அஸ்பெர்ஜிலஸ் வளர்ந்தது. சுகதேகிக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஏப்ரல் பெட்டிட் என்ற பெண் வைத்தியர் விடவில்லை. குடும்பத்திடம் விசாரித்தார். சில கிழமைக்கு முன் முதுகில் ஊசி போட்டது தெரியவந்தது. செப்டெம்பர் 18 அன்று சுகாதாரத் திணைக்களத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த ஒரு மின்னஞ்சலால்தான் அந்த மருந்து திரும்ப எடுக்கப்பட்டு, அதைப் போட்டுக்கொண்ட சுமார் 13,500 பேரையும் தேடிப் பேசினார்கள். அதில் விசித்திரம், மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு இருந்தது அஸ்பெர்ஜிலஸ் இல்லை, எக்ஸெரோஹிலம் என்ற வேறொரு கறுப்புப் பூஞ்சணம். புல்லில் நோய் உண்டாக்குவது, மனித மூளையில் அதுவரை மிக மிக அரிது. 2022இன் பிற்பகுதியில் மெக்சிக்கோவின் துராங்கோவில் ஃபுசாரியம் என்ற இன்னொன்று. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மறுபடியும் சிசேரியன் தாய்மார்.

பெட்டிட்டின் கேள்வியை எங்கள் வாட்டுகளில் எல்லா வைத்தியரும் கேட்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நூறு நோயாளிக்கு இரண்டு டொக்டர் நிற்கும் இடத்தில் அவர்களைக் குறை சொல்வது பாவம். கேட்காவிட்டாலும் நாங்கள் சொல்லலாம். கடைசி மூன்று மாதத்தில் முதுகில் ஊசி போட்டதா, எங்கே, என்றைக்கு, ஸ்டிரொயிட் எடுத்ததா, சீனி வருத்தம் இருக்கிறதா. 2021இல் இந்தியாவில் கொரோனாவுக்குப் பின் மூக்கு வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிய மியூக்கோர் பூஞ்சணம் பெரும்பாலும் சீனி கட்டுப்படாமல் ஸ்டிரொயிட்டும் எடுத்தவர்களைத்தான் பிடித்தது. ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் காட்டை அடுப்படித் தட்டில் சொருகாமல் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான்.

எங்கள் சமூகம் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று, வெளிநாட்டில் இருந்த இடம். செட்டிகுளத்திலும் சூழவுள்ள ஊர்களிலும் சவூதி, குவைத், கட்டார் போய்வராத வீடு எது? ரைனோகிளேடியெல்லா மெக்கென்சீ என்றொரு கறுப்புப் பூஞ்சணம் இருக்கிறது. உலகில் பதிவான நோயாளர்களில் மிகப் பெரும்பாலோர் மத்திய கிழக்கில் வாழ்ந்தவர்கள், அல்லது அங்கிருந்து வந்தவர்கள். மூளையில் சீழ்க்கட்டியாக வரும், ஏறத்தாழ எல்லாரும் இறந்திருக்கிறார்கள், பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். மிக அரிய நோய், இதற்காக யாரும் பயணத்தை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் ஊருக்கு வந்தவருக்கு வலிப்பு வந்து, ஸ்கேனில் கட்டி தெரிந்தால், 'பத்து வருஷம் றியாத்தில ட்ரைவரா இருந்தவர்' என்ற ஒரு வரி, கட்டியிலிருந்து எடுத்த சீழைப் பூஞ்சணத்துக்கும் சோதிக்க வைக்கும். அந்த வரியை மனைவிதான் சொல்ல வேண்டும், அவர் நினைவில்லாமல் கிடப்பார்.

கடைசியாக, நாங்கள் பேசத் தயங்கும் விஷயம். பிரேத பரிசோதனை.

உயிரோடு இருக்கும்போது முள்ளந்தண்டு நீரில் பிடிபடாத பூஞ்சணம், மௌத்துக்குப் பிறகு மூளையின் அடிப்பாக நாடிகளைச் சுற்றித் தெரியும். அமெரிக்கச் சம்பவத்தில் நோயாளர் 40 பேரின் இழையங்களை ஆராய்ந்துதான் அந்தக் கறுப்புப் பூஞ்சணம் நாடியை எப்படித் தாக்குகிறது என்று விளங்கிக்கொண்டார்கள். பிரசவத் தாய் ஒருவர் இறந்தால் எங்கள் நாட்டில் அந்த மரணம் ஆராயப்படுகிறது. ஒரு தாயின் மரணத்துக்குக் காரணம் தெரிந்தால் அடுத்த கட்டிலில் கிடப்பவளுக்குச் சரியான மருந்து போகும்.

எங்கள் ஆட்களின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மையித்தின் எலும்பை உடைப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை உடைப்பதற்குச் சமம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அதோடு 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனா ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த காயம் இன்னும் ஆறவில்லை. உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் என்று சொல்லியும் எரித்தார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் ஜனாஸாவைப் பறிகொடுத்த சமூகத்திடம் போய் விஞ்ஞானத்துக்காக ஜனாஸாவைத் தா என்று கேட்பது லேசில்லை.

ஆனாலும் அந்தக் காயத்தையும் மார்க்கச் சட்டத்தையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. மக்காவில் 1987இல் கூடிய ராபிதாவின் பிக்ஹு சபை இதைத் தெளிவாகத் தீர்மானித்திருக்கிறது. குற்றம் ஒன்றில் மரணத்தின் காரணத்தை அறிய, நோயைக் கண்டறிந்து மற்றவர்களைக் காக்க, மருத்துவம் கற்பிக்க, இந்த மூன்றுக்கும் தேவை அளவுக்கு ஆகும். பெண்ணின் ஜனாஸாவைப் பெண் வைத்தியர் செய்ய வேண்டும், அவர் கிடைக்காதபோது மட்டும் வேறொருவர். உடம்பின் எல்லாப் பாகமும் சேர்த்து அடக்கப்பட வேண்டும். இதில் இரண்டாவது நோக்கம்தான் எங்கள் ஐந்து தாய்மாரின் விஷயம்.

முழுதாக வெட்டாத வழியும் ஆராயப்பட்டு வருகிறது. மொசாம்பிக் நாட்டில் இறந்த தாய்மாரில், ஊசியால் மட்டும் உறுப்புகளில் இருந்தும் முள்ளந்தண்டு நீரில் இருந்தும் சிறு மாதிரிகள் எடுத்து, அந்த முடிவை முழுப் பிரேத பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். தொற்றுநோயால் வந்த மரணங்களில் அது நன்றாகப் பொருந்தியது. இங்கே அந்த வசதி இல்லாத இடத்திலும் குடும்பத்தவர் சட்ட வைத்திய அதிகாரியிடம் போய்ப் பேசலாம். பெண் டொக்டர் இருக்கிறாரா, எந்தப் பகுதியை மட்டும் பார்க்க வேண்டும், லுஹருக்கு முன் தர முடியுமா, எடுக்கும் மாதிரியைப் பூஞ்சணத்துக்கும் அனுப்புவீர்களா. 'வெட்ட விடமாட்டோம்' என்று வாசலில் நின்று சத்தம் போடுவதற்குப் பதிலாக, பள்ளி நிருவாகத்தில் ஒருவரும் விவரம் தெரிந்த ஒரு மௌலவியும் கூடப்போய் இந்த நாலையும் கேட்டால், அநேகமாக நாலுக்கும் பதில் கிடைக்கும்.